மூலம் என்று விடப்படும் ரத்தம்

வெளிக்குப் போகும்போது ரத்தம் வந்தால், கடலூர் மாவட்டத்துக் கீரப்பாளையம் சுற்றுவட்டாரத்தில் முதலில் பழி சுமப்பது சூடுதான். கோழிக்கறி தின்றதால் சூடு, களத்து வெயிலில் நின்றதால் சூடு, ராத்தூக்கம் கெட்டதால் சூடு. இரண்டு நாள் மோரும் இளநீரும் குடித்துப் பார்ப்பார்கள். நிற்காவிட்டால் மூலம் என்று முடிவாகும். பிறகு துத்தி இலை, கருணைக்கிழங்கு, யாரோ சொன்ன லேகியம். அதுவும் கேட்காவிட்டால் பேருந்து நிலையச் சுவரில் ஒட்டியிருக்கும் ‘மூலம், பவுத்திரம், ஆபரேஷன் இல்லாமல்’ என்ற விளம்பரத்தில் உள்ள எண்ணுக்குப் போன் போகும். இதற்குள் ஆறு மாதம், சிலருக்கு ஒரு வருடம் ஓடிவிடும்.

மலத்தோடு ரத்தம் போகிறவர்களில் பெரும்பாலோருக்கு மூலமோ ஆசனவாய் வெடிப்போதான் இருக்கிறது. ஆகவே அந்த ஊகம் பலமுறை சரியாகவே அமைந்துவிடும். ஆனால் யாரும் பார்க்காமல் செய்த ஊகம் அது. அதற்குப் பின்னால்தான் பெருங்குடல் புற்றுநோயும் மலக்குடல் புற்றுநோயும் மறைந்துகொள்கின்றன. இந்த நோயைப் பற்றி மரபணு, உணவு, பாக்டீரியா, புதிய மருந்து என்று எத்தனையோ பேச இருக்கிறது, பேசத்தான் போகிறேன். ஆனாலும் கடலூர் மாவட்டத்து ஒன்றியம் ஒன்றில் நின்று பார்க்கும்போது, முதல் ரத்தத்துக்கும் முதல் பரிசோதனைக்கும் நடுவே கழியும் மாதங்கள்தான் மற்ற எல்லாவற்றையும்விட அதிக உயிர்களைத் தீர்மானிக்கின்றன என்பது என் உறுதியான எண்ணம்.

பெருங்குடல் சுமார் 5 அடி நீளம். வலது அடிவயிற்றில், குடல்வால் இருக்கும் இடத்தில் தொடங்கி, கல்லீரல் வரை மேலேறி, வயிற்றின் குறுக்கே இடப்பக்கம் போய், கீழிறங்கி, வளைந்து, மலக்குடலாக முடிகிறது. சிறுகுடலில் சத்து உறிஞ்சப்பட்ட பிறகு மிஞ்சும் கூழிலிருந்து நீரை எடுத்துக் கெட்டியாக்குவதே இதன் முதன்மையான வேலை. உட்புறப் படலத்தின் செல்கள் சில நாட்களுக்கு ஒருமுறை உதிர்ந்து புதிதாகின்றன. இவ்வளவு வேகமாகப் புதுப்பிக்கப்படும் இடத்தில் பிரதி எடுக்கும்போது பிழை நேர வாய்ப்பும் அதிகம். பிழை கொண்ட செல்கள் உதிராமல் தங்கிப் பெருகினால் படலத்தின் மேல் சிறு மொட்டாக எழும்பும். அதைத்தான் பாலிப் என்கிறோம்.

பெரும்பாலான பாலிப்கள் யாருக்கும் தீங்கு செய்யாமல் அப்படியே இருந்துவிடும். சில மட்டும் வளரும். ஏன் வளர்கின்றன என்ற கேள்விக்கு 1990இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் எரிக் ஃபியரனும் பெர்ட் வோகல்ஸ்டைனும் கொடுத்த விடை, புற்றுநோயியல் முழுவதற்கும் ஒரு முன்மாதிரியானது. ஒரே அடியில் புற்று வருவதில்லை. முதலில் ஏபிசி என்ற மரபணு பழுதாகிறது, பிறகு கேராஸ், பிறகு டிபி53 என ஒன்றன்மேல் ஒன்றாகப் பழுதுகள் சேரச் சேரச் சாதாரணப் படலம் பாலிப்பாகவும், பாலிப் புற்றாகவும் மாறுகிறது என்று காட்டினார்கள். இதற்குப் பொதுவாக 10 ஆண்டுகள் வரை பிடிக்கும். இப்படிப் பயன்படுத்திக்கொள்ளக்கூடிய அவகாசம் வேறு பல புற்றுநோய்களில் கிடைப்பதில்லை. ஆசனவாய் வழியே கேமராக் குழாயை விட்டுக் குடலைப் பார்க்கும் கொலனோஸ்கோப்பியைச் செய்யும் மருத்துவர் பாலிப்பைக் கண்டால் அங்கேயே கம்பிக் கண்ணியால் வெட்டி எடுத்துவிடலாம். வர இருந்த புற்று வராமலே போகும். இத்தனை வாய்ப்புத் தரும் நோயில் நாம் கடைசிக் கட்டத்தில் போய் நிற்பதுதான் வேதனை.

கட்டி எந்தப் பக்கம் இருக்கிறது என்பதைப் பொறுத்து அறிகுறி மாறும். இதை விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தவறவிடும் இடம் இது. இடப்பக்கம் குடல் குறுகலானது, மலமும் கெட்டிப்பட்டிருக்கும். அங்கே கட்டி வந்தால் ரத்தம் கண்ணுக்குத் தெரியும். மலம் மெலிந்து போகும். சில நாள் மலச்சிக்கல், சில நாள் பேதி என்று பழக்கம் மாறும். மலக்குடலில் வந்தால், போய்விட்டு வந்த பிறகும் முழுசாகப் போகாத உணர்வு, சளி, ரத்தம். வலப்பக்கமோ அகலமானது, உள்ளே ஓடுவது கூழ். அங்கே கட்டி எலுமிச்சை அளவுக்கு வளர்ந்தாலும் அடைப்பு வராது. ரத்தம் துளித்துளியாகக் கசிந்து மலத்தில் கலந்து நிறம் தெரியாமல் போய்விடும். வெளியே தெரிவது சோகை மட்டும். படியேறினால் மூச்சு வாங்கும், களைப்பாக இருக்கும், முகம் வெளுக்கும்.

நம் ஊரில் சோகை யாரையும் திடுக்கிட வைப்பதில்லை. 2019–21இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர், 53.4 விழுக்காட்டினர், சோகையோடு வாழ்ந்தார்கள். ஆகவே நடவு வேலைக்குப் போகும் 55 வயது அம்மாவுக்கு ஹீமோகுளோபின் 7 என்று வந்தால் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுவது வழக்கமாகிவிட்டது. அவருக்கு மாதவிலக்கு நின்று ஐந்தாறு வருடம் ஆகியிருக்கும். அப்படியானால் ரத்தம் எங்கே போகிறது? இந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும். மாதவிலக்கு நின்ற பெண்ணுக்கும், எந்த வயது ஆணுக்கும், காரணம் தெரியாத இரும்புச்சத்துச் சோகை இருந்தால் குடலைப் பார்க்காமல் விடக் கூடாது என்பது மருத்துவப் பாடநூல் விதி. மாத்திரை சோகையைத் தற்காலிகமாகச் சரிக்கட்டும். கட்டி உள்ளே வளர்ந்துகொண்டிருக்கும்.

இன்னொன்றும் உண்டு. மலத்தைப் பார்த்தால்தானே ரத்தம் தெரியும்? விடியுமுன் வாய்க்கால் ஓரமோ வயல் வரப்போ போய் வந்த தலைமுறைக்குப் பார்க்கும் வாய்ப்பே இல்லை. வீட்டில் கழிப்பறை வந்த பிறகும் குத்தவைத்து உட்காரும் கோப்பையில் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்துவிடுகிறோம். பார்ப்பது அருவருப்பு என்று பழக்கப்பட்டிருக்கிறோம். பெண்களுக்குப் பார்த்ததைச் சொல்லவும் கூச்சம். புருஷனிடமே சொல்லாமல் பல மாதம் சேலையை நனைத்துக்கொண்டு இருந்தவர்களைப் பற்றி மருத்துவர்கள் சொல்லக் கேட்கிறோம்.

இந்த நோய் இங்கே எவ்வளவு இருக்கிறது? உலக அளவில் 2022இல் சுமார் 19 லட்சம் பேருக்குப் புதிதாக வந்தது, 9 லட்சம் பேர் இறந்தார்கள். புற்றுநோய்களில், வருகையில் மூன்றாவது இடம், சாவில் இரண்டாவது இடம். இந்தியாவில் அதே ஆண்டு சுமார் 70,000 பேர். வயது சரிசெய்த கணக்கில் ஜப்பானிலும் ஆஸ்திரேலியாவிலும் லட்சத்துக்கு 30-க்கு மேல் என்றால் நம் நாட்டில் 5 அளவில் நிற்கிறது. குறைவுதான். ஆனால் அசையாமல் நிற்கவில்லை. முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையம், 1980களின் தொடக்கத்திலிருந்து சென்னைக்கான புற்றுநோய்ப் பதிவேட்டைப் பராமரித்துவருகிறது. அந்த நாற்பதாண்டுக் கணக்கில் இரைப்பைப் புற்றும் கருப்பைவாய்ப் புற்றும் இறங்கிவர, மார்பகப் புற்றும் பெருங்குடல் புற்றும் ஏறிவருகின்றன. நகரத்தில் தெரியும் ஏற்றம் நகரத்தோடு நிற்பதில்லை. கீரப்பாளையத்திலிருந்து சிதம்பரம் தொட்டுவிடும் தூரம். சிதம்பரத்தில் கிடைப்பதெல்லாம் இங்கும் கிடைக்கிறது, தின்பண்டம் உட்பட.

எண்ணிக்கையைவிட என்னை அதிகம் கவலைப்படுத்துவது வயது. மும்பை டாடா மெமோரியல் மருத்துவமனைக்கு வந்த 800 நோயாளிகளைப் பற்றி 2017இல் வெளியான ஆய்வில் சராசரி வயது 47 என்று இருந்தது. பாதிக்கும் மேற்பட்டோருக்கு ரத்தப்போக்கு முதன்மை அறிகுறி. பத்தில் நான்கு பேருக்குக் கட்டி மலக்குடலில். நம் மக்கள்தொகையே இளமையானது என்பதால் சராசரி வயது குறைவாகத் தெரியும். ஒரு பெரிய மருத்துவமனைக்கு வருகிறவர்கள் நாட்டின் மாதிரியும் அல்ல. இந்த இரண்டையும் கழித்துக்கொண்டாலும், ‘இந்த வயதில் புற்றெல்லாம் வராது’ என்று 38 வயதுக்காரரை மாத்திரையோடு அனுப்புவதற்கு இடமில்லை. இளவயதில் கூடிவருவது மேற்கிலும் காணப்படுகிறது. 2020இல் அமெரிக்க நடிகர் சாட்விக் போஸ்மேன் 43 வயதில் இந்நோயால் இறந்தபோது உலகமே கவனித்தது. 2021இல் அந்நாட்டு நிபுணர் குழு பரிசோதனை தொடங்கும் வயதை 50இலிருந்து 45ஆகக் குறைத்தது.

ஏன் இளவயதில் வருகிறது என்பதற்கு 2025இல் ஒரு துப்புக் கிடைத்தது. 11 நாடுகளைச் சேர்ந்த 981 கட்டிகளின் மரபணுவை முழுதாகப் படித்த ஆய்வாளர்கள், கோலிபாக்டின் என்ற நச்சு விட்டுச்செல்லும் தழும்பு, 70 வயதுக்கு மேற்பட்டவர்களைவிட 40 வயதுக்குட்பட்டவர்களிடம் மூன்று மடங்குக்கு மேல் காணப்படுவதைக் கண்டார்கள். குடலில் வாழும் ஈகோலை பாக்டீரியாவின் சில வகைகள் அந்த நச்சைச் சுரக்கின்றன. சிறுவயதிலேயே அது தாக்கியிருக்கக்கூடும் என்பது அவர்கள் கருத்து. காரணம் இதுதான் என்று நிறுவப்பட்டுவிடவில்லை. ஆனால் தேட வேண்டிய திசை தெரிந்திருக்கிறது.

உணவைப் பற்றி இங்கே எல்லோருக்கும் ஒரு கருத்து உண்டு. உகாண்டாவில் பணியாற்றிய அறுவை மருத்துவர் டெனிஸ் பர்கிட், ஆப்பிரிக்கக் கிராமங்களில் இந்நோய் அரிதாக இருப்பதற்கு நார்ச்சத்து மிகுந்த உணவே காரணம் என்று 1971இல் எழுதினார். பின்னாளில் நார்ச்சத்தைத் தனியாகக் கொடுத்துச் செய்த சோதனைகள் பாலிப் திரும்ப வருவதைத் தடுக்கவில்லை. முழுத் தானியம், பயறு, காய் என்று உணவாகவே சாப்பிடுகிறவர்களுக்கு ஆபத்து குறைவு என்பது மட்டும் தொடர்ந்து தெரிகிறது. வீராணம் ஏரிப் பாசனத்து நிலம் முழுக்க நெல். தட்டில் நிறைவது தீட்டிய அரிசி. கம்பும் கேழ்வரகும் வரகும் வாரத்தில் சில நாளாவது திரும்ப வந்தால் நல்லது. 2015இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை பதப்படுத்திய இறைச்சியை உறுதியான காரணி என்று அறிவித்தது: தினம் 50 கிராம் தின்றால் ஆபத்து 18 விழுக்காடு கூடும். அது சாசேஜ், பேக்கன் வகையைப் பற்றியது. மாதம் இரண்டு தடவை ஆட்டுக்கறிக் குழம்பு வைக்கும் குடும்பம் அதைப் படித்துப் பயப்பட வேண்டியதில்லை.

பயப்பட வேண்டியவை வேறு. சாராயம் உறுதியான காரணி. குடிக்கும் அளவுக்கு ஏற்ப ஆபத்தும் ஏறும். புகையிலை, தொப்பை, சர்க்கரை நோய், உடல் அசையாத வாழ்க்கை ஆகியவையும் அந்த வரிசையில் நிற்கின்றன. அறுப்பு இயந்திரமும் நடவு இயந்திரமும் வந்த பிறகு டெல்டா விவசாயியின் உடலுழைப்பு அவர் அப்பாவுடையதில் பாதிகூட இராது. கடலூர் மாவட்டத்தில் புற்றுநோய் என்றதும் சிப்காட் தொழிற்பேட்டை ஆலைகளைச் சுட்டுகிறவர்கள் உண்டு. அங்குள்ள ஊர் மக்கள் 2004 முதலே குழுவாகச் சேர்ந்து காற்று மாசைப் பதிவுசெய்து போராடிவருவதும், அவர்கள் கோபம் நியாயமானது என்பதும் உண்மை. பெருங்குடல் புற்றின் உறுதிப்பட்ட காரணிகளின் பட்டியலில் ஆலைக் காற்று இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

இனி, கண்டுபிடிக்கும் வழிகள். மிக எளியது விரல் பரிசோதனை. கையுறை, கொஞ்சம் ஜெல்லி, ஒரு நிமிடம். மலக்குடலின் கீழ்ப்பகுதிக் கட்டியை விரல் தொட்டுவிடும். பத்தில் நான்கு பேருக்கு மலக்குடலில் வருகிறது என்ற கணக்கை இதோடு சேர்த்துப் பாருங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முடியக்கூடிய இந்தச் சோதனை, கூட்டத்தாலும் கூச்சத்தாலும் தவிர்க்கப்படுகிறது. ரத்தம் போகிறது என்று வந்தவரை விரல் விட்டுப் பார்க்காமல் மூல மாத்திரை எழுதுவது, இருமலோடு வந்தவரின் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைக்காமல் அனுப்புவதற்குச் சமம். நோயாளியும் ‘பார்த்துச் சொல்லுங்க டாக்டர்’ என்று கேட்கலாம். பெண் மருத்துவர் வேண்டும் என்றும் கேட்கலாம்.

அடுத்தது, மலத்தில் கண்ணுக்குத் தெரியாத ரத்தத்தைக் காட்டும் சோதனை. குச்சியில் கொஞ்சம் மலத்தை எடுத்துக் குப்பியில் போட்டுக் கொடுத்தால் போதும். மூன்றாவது கொலனோஸ்கோப்பி. முதல் நாள் கஞ்சி, இளநீர் போன்ற நீர் ஆகாரம், பேதி மருந்து. மறுநாள் மயக்க ஊசியோடு அரை மணி நேரம். பேதி மருந்துதான் கஷ்டம் என்று செய்துகொண்டவர்கள் சொல்வார்கள். கட்டி இருந்தால் சோதனைக்குச் சிறு துணுக்கைக் கிள்ளி பயாப்சி எடுப்பார்கள். ‘கத்தி பட்டால் பரவிவிடும்’ என்ற பயத்தில் பயாப்சியை மறுக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். குடல் கட்டியில் கிள்ளி எடுப்பதால் நோய் பரவுவதில்லை. பரவ விடுவது தாமதம்.

அறிகுறியே இல்லாத எல்லோருக்கும் பரிசோதனை செய்ய வேண்டுமா? இது உலகம் முழுக்க நடக்கும் வாதம். அமெரிக்காவின் மினசோட்டாவில் 46,000-க்கும் மேற்பட்டோரிடம் நடந்த ஆய்வு, வருடாவருடம் மலச் சோதனை செய்தால் இந்நோய்ச் சாவு மூன்றில் ஒரு பங்கு குறையும் என்று 1993இல் காட்டியது. ஜப்பான் 1992 முதல் நாடு முழுக்கச் செய்கிறது. சிங்கப்பூரில் 50 வயதைக் கடந்தவர்களுக்கு அங்குள்ள புற்றுநோய்ச் சங்கம் சோதனைக் குப்பியை இலவசமாகத் தருகிறது. நம்மவர்களும் வாங்கிப் பயன்படுத்துகிறார்கள். மறுபக்கம், 84,000 பேரை வைத்து ஐரோப்பாவில் நடந்து 2022இல் வெளியான ஆய்வில், கொலனோஸ்கோப்பிக்கு அழைப்பு அனுப்பியதால் பத்தாண்டில் நோய் 18 விழுக்காடு குறைந்தது. சாவு குறைந்ததாக அறுதியிட்டுச் சொல்ல முடியவில்லை. அழைத்தவர்களில் 42 விழுக்காட்டினர்தான் வந்தார்கள் என்பதையும் சேர்த்தே அதை வாசிக்க வேண்டும்.

இந்தியாவின் தேசியத் திட்டத்தில் வாய், மார்பகம், கருப்பைவாய் ஆகிய மூன்று புற்றுகளுக்கு மட்டுமே மக்கள்தொகைப் பரிசோதனை உண்டு. பெருங்குடலையும் இப்போதே சேர்க்க வேண்டும் என்று சிலர் கேட்கிறார்கள். நான் அந்தப் பக்கம் இல்லை. லட்சத்துக்கு 5 என்ற அளவில் நோய் இருக்கும்போது ஒரு லட்சம் பேருக்கு மலச் சோதனை செய்தால் ஆயிரக்கணக்கானோருக்கு ‘ரத்தம் உண்டு’ என்று வரும். அவர்களில் மிகச் சிலருக்குத்தான் புற்று. அத்தனை பேருக்கும் கொலனோஸ்கோப்பி செய்ய மாவட்டத்தில் கருவிக்கும் ஆளுக்கும் எங்கே போவது? அந்த வரிசையில் நிஜமாகவே ரத்தம் போகும் ஒருவர் பின்னால் தள்ளப்பட்டுவிடுவார்.

முதலில் செய்ய வேண்டியது அறிகுறி உள்ளவர்களை வேகமாகப் பார்ப்பது. இங்கிலாந்தில் அறிகுறியோடு வருகிறவருக்கே குடும்ப மருத்துவர் மலச் சோதனை செய்து, அளவு கூடுதலாக இருந்தால் உடனே கொலனோஸ்கோப்பிக்கு அனுப்பும் முறையை 2023இல் விரிவாக்கினார்கள். அதை இங்கே கொண்டுவரத் தடையில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பெண் தன்னார்வலர்கள் வீடு வீடாக ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். 40 வயதைக் கடந்தவரிடம் அவர்கள் இன்னும் மூன்று கேள்வி கேட்கலாம்: வெளிக்குப் போகும்போது ரத்தம் வருதா? ஒரு மாசமா வழக்கம் மாறியிருக்கா? காரணமில்லாம எடை குறையுதா? ‘ஆமாம்’ என்றவருக்கு விரல் பரிசோதனையும் ஹீமோகுளோபினும் மலச் சோதனையும். சந்தேகம் இருந்தால் அண்ணாமலை நகருக்கு. 1985இல் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியாகத் தொடங்கி, 2021இல் அரசின் சுகாதாரத் துறைக்கு மாறிய மருத்துவக் கல்லூரி மருத்துவமனை நம் பக்கத்திலேயே இருக்கிறது. அதற்கு மேல் தேவைப்பட்டால் புதுச்சேரி கோரிமேட்டு ஜிப்மர், அதையும் தாண்டினால் அடையாறு.

சிகிச்சையில் அறுவைதான் முதுகெலும்பு. குடலுக்குள் மட்டும் இருக்கும்போது கண்டுபிடித்தால் ஐந்தாண்டு கடப்பவர்கள் நூற்றுக்கு 90 பேர். பக்கத்து நிணநீர் முடிச்சுக்குப் போயிருந்தால் சுமார் 70. தூர உறுப்புக்குப் பரவிவிட்டால் 15 அளவில் என்பது அமெரிக்கக் கணக்கு. நிணநீர் முடிச்சில் இருந்தால் மூன்று முதல் ஆறு மாதம் கீமோ. ஆக்ஸாலிபிளாட்டின் என்ற கீமோ மருந்து ஏற்றும் நாட்களில் குளிர்ந்த தண்ணீரைத் தொட்டால் விரல் மரத்துச் சுரீர் என்னும். வயல் தண்ணீரில் கை வைக்கிறவர்களுக்கு இதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். மலக்குடல் என்றால் பலருக்கு முதலில் ரேடியேஷன், பிறகு அறுவை. 1982இல் இங்கிலாந்தின் பில் ஹீல்ட் மலக்குடலைச் சுற்றியுள்ள கொழுப்புறையோடு சேர்த்து எடுக்கும் முறையை எழுதிய பிறகு, அதே இடத்தில் நோய் திரும்புவது வெகுவாகக் குறைந்தது. நோய் கல்லீரலுக்குப் பரவி அங்கே ஒன்றிரண்டு கட்டி மட்டும் இருந்தால் அதையும் வெட்டி எடுத்துச் சிலரைக் குணப்படுத்த முடிகிறது. ஆகவே நான்காம் கட்டம் என்றதும் வீட்டுக்குக் கூட்டிப்போய்விடக் கூடாது.

பலரை அறுவையிலிருந்து ஓட வைப்பது, மலம் சேர்வதற்காக வயிற்றில் வைக்கும் பை. பலருக்கு அது சில மாதங்களுக்குத்தான். ஆசனவாய்க்கு மிக அருகில் கட்டி இருந்தால் நிரந்தரம். பை வைத்துக்கொண்டு வயலுக்குப் போகலாம், பேருந்தில் போகலாம், கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் போகலாம். கனமான மூட்டை தூக்கக் கூடாது, தோல் புண்ணாகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அறுவைக்கு முன்பே, பையோடு வாழும் இன்னொருவரை நோயாளியோடு பேச வைத்தால் பாதிப் பயம் போய்விடும். எந்த விளக்கப் படமும் அந்த வேலையைச் செய்வதில்லை.

2022இல் நியூயார்க்கில் டோஸ்டார்லிமாப் என்ற மருந்தை மட்டும் பெற்ற 12 மலக்குடல் நோயாளிகளுக்கும் கட்டி முழுக்க மறைந்தது. குறிப்பிட்ட மரபணுக் குறை கொண்ட சிறு பங்கினருக்கே அது வேலை செய்யும், விலையும் நமக்கு எட்டாது. எட்டக்கூடியது 2025இல் வந்தது: கீமோ முடிந்த 889 பேரிடம் நடந்த ஆய்வில், வழிகாட்டலோடு மூன்றாண்டு உடற்பயிற்சி செய்தவர்களுக்குச் சாவின் ஆபத்து 37 விழுக்காடு குறைந்தது. பெரும்பாலோர் செய்தது வேகநடை.

செலவுக்கு, ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் வரை உண்டு. காப்பீட்டு அட்டை சிகிச்சையைத் தாங்கும். கூலி இழப்பையும், கூட வருகிறவரின் பேருந்துச் செலவையும், நோய் உறுதியாகும் வரை அலையும் அலைச்சலையும் தாங்குவதில்லை. பாதியில் சிகிச்சையை விடுகிறவர்கள் பெரும்பாலும் அங்கேதான் விடுகிறார்கள்.

ஒரு வீட்டில் ஒருவருக்கு இந்நோய் உறுதியானால் அன்றே உடன்பிறந்தவர்களையும் பிள்ளைகளையும் எண்ணிப் பார்க்க வேண்டும். நூற்றில் சுமார் மூவருக்கு லிஞ்ச் என்னும் பரம்பரைக் குறை காரணமாக இருக்கிறது. அந்தக் குடும்பங்களில் கருப்பைப் புற்றும் சேர்ந்து வரும். நூற்றுக்கணக்கில் பாலிப் முளைக்கும் இன்னொரு பரம்பரை நோயும் உண்டு. அது இல்லாத வீட்டிலும், பெற்றோருக்கோ உடன்பிறப்புக்கோ வந்திருந்தால் 40 வயதில், அல்லது அவர்களுக்கு நோய் வந்த வயதுக்குப் பத்தாண்டு முன்னதாக, எது முதலில் வருகிறதோ அப்போது கொலனோஸ்கோப்பி செய்துகொள்ள வேண்டும். அண்ணனுக்கு 46இல் வந்தது என்றால் தம்பிக்கும் தங்கைக்கும் 36.